செட்டிநாட்டு வீட்டின் முப்பரிமாண மாதிரி வளைந்து வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டை அளவெடுக்கிறோம். பங்காளிகளுக்குள் பேசி முடித்ததும் வீட்டைப் பிரித்துவிடுவார்கள் போலிருக்கிறது. அதற்குள் தரைப்படமும் வெட்டுத்தோற்றமும் தயாராக வேண்டும். கேமராப் படங்களை மெட்டாஷேப்பில் (படங்களை இணைத்து முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருள்) போட்டு மாதிரி செய்தோம். தெருவாசலில் நின்றால் வளவு (நடுமுற்றப் பகுதி), அதற்குப் பின்னுள்ள இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் நேராகத் தெரியும் வீடு இது. மாதிரியில் பின்வாசல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. சுவர்களில் பெரிய ஓட்டைகள். பூ வேலை செய்த ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சில இடங்களில் இரண்டு அடுக்காக வருகிறது. லேசர் ஒளியால் புள்ளி புள்ளியாக அளக்கும் லேசர் ஸ்கேனர்தான் வழியா?

பதில் 1:
சுவரும் தரையும் தனிக் கதை. அடுத்தடுத்த படங்களில் ஒரே புள்ளியை அடையாளம் கண்டால்தான் மென்பொருளுக்கு வேலை நடக்கும். மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் பிடித்துக்கொள்ள ஒரு கீறல்கூட இருக்காது. போதாததற்கு, நீங்கள் நகர நகரப் பளபளப்பும் நகரும். ஆத்தங்குடித் தரையில் புள்ளிகள் ஏராளம், ஆனால் எல்லாக் கல்லிலும் ஒரே பூ. ஒரு கல்லை இன்னொரு கல் என்று நினைத்துவிடுகிறது. மென்பொருள் அடையாளம் காணும்படி, ஒவ்வொன்றிலும் வேறு குறியீடு அச்சடித்த அட்டைகளைத் தரையில் பரப்புங்கள், சுவரோரம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சுவரில் டேப் மட்டும் ஒட்டவே வேண்டாம். உரிக்கும்போது பூச்சும் கூடவே வந்துவிடும்.

பதில் 2:
வளைவுக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தைப் பிடித்துக்கொண்டு போவதால், சின்னச் சின்னப் பிழைகள் வழியெல்லாம் சேர்கின்றன. நிலைவாசல்கள்தான் பலவீனமான இடம். அங்கே இரண்டு பக்கமும் நெருக்கமாக, ஒரு படத்தில் வந்ததில் ஏறக்குறைய 80% அடுத்த படத்திலும் வரும்படி எடுங்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றுசேரும்படி, பின்வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றித் தெருவாசலில் முடியுங்கள். அப்புறம் டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவி) தெருவாசல் முதல் பின்வாசல் வரை அட்டைகளை அளந்து மாதிரியில் கொடுங்கள். சில அட்டைகளைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் வையுங்கள். அவற்றில் வரும் பிழையைத்தான் நம்பலாம். மென்பொருள் தானே திரையில் காட்டும் பிக்சல் பிழையை வைத்து வரைபடம் போடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டோட்டல் ஸ்டேஷன் கிடைத்துவிடும். முகப்பில் ஆளுயரக் கண்ணாடிகளும் உண்டு. லேசரில் இந்தத் தொல்லை இருக்காதா?

பதில் 3:
இருக்கும். கண்ணாடியில் பட்ட லேசர், சுவருக்குப் பின்னால் இல்லாத அறையைப் புள்ளிகளாகக் காட்டும். துணி போட்டு மூடிவிடுங்கள். வெறும் வெள்ளைச் சுவரை மட்டும் லேசர் நன்றாகவே பிடிக்கும். ஸ்கேனர் வாடகை கட்டுப்படியானால் முகப்பையும் வளவையும் அதில் எடுங்கள், சிற்ப வேலைகளைக் கேமராவில். அதே அட்டைகளை வைத்து இரண்டையும் இணைக்கலாம்.

மூலப் படங்களையும் மூலப் புள்ளிகளையும் அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தைக் கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் 2010-இல் லேசரில் அளந்து வைத்தார். 2019-இல் தீப்பிடித்த பிறகு அந்த அளவுகள் சீரமைப்புக்குக் கைகொடுத்தன. உங்கள் வீட்டில் முதலில் கதவு நிலைகளையும் தேக்குத் தூண்களையும் படமெடுத்து அளந்துவிடுங்கள். பிரிக்கும் வீட்டில் விலை பேசுவது அவற்றுக்குத்தான்.