டிகிரி முடித்தவர்களுக்கு இங்கிலாந்தில் இரண்டு வருட நர்சிங்: விண்ணப்பித்த கதையும் பணம் கட்டிய கதையும்

லெஸ்டரிலிருந்து, படிப்பை முடித்து வார்டில் சேர்ந்தவர்:

சென்னையில் பயோடெக் படித்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்து, இரண்டு பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்த பிறகுதான் நர்சிங் ஆசை வந்தது. அப்போது வயது 36. ஏற்கெனவே டிகிரி இருப்பவருக்கு இன்னொரு டிகிரிக்குக் கடன் தருவார்களா என்பதுதான் முதல் பயம். பொதுவாகத் தரமாட்டார்கள். சென்னையில் அப்பா காசு கட்டிப் படிக்கவைத்ததைக்கூட ‘முன்பே படித்தது’ என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நர்சிங் அதற்கு விலக்கு. இதை நம்புவதற்கே எனக்கு ஒரு மாதம் ஆனது.

நம்பிய பிறகு செய்ததுதான் பெரிய கூத்து. படிப்பின் பெயர் எம்.எஸ்சி. நர்சிங். எம்.எஸ்சி. என்றால் முதுகலைதானே என்று, அரசின் மாணவர் கடனைத் தரும் ஸ்டூடன்ட் ஃபைனான்ஸில் போஸ்ட்கிராஜுவேட் கடனுக்கான படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். ஐந்து வாரம் கழித்து ‘தகுதியில்லை’ என்று கடிதம். அன்று இரவு சமைக்கவே இல்லை. மறுநாள் போன் செய்து, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்த பிறகு ஒரு பையன் எடுத்தான். பொறுமையாகச் சொன்னான்: பதிவு பெற்ற நர்ஸாக்கும் இந்தப் படிப்புக்கு, பெயரில் எம்.எஸ்சி. இருந்தாலும், இளங்கலை மாணவருக்கான படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். 2018 ஆகஸ்ட் முதல் இப்படித்தானாம். அதற்கு முன்பு சேர்ந்தவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸே கட்டணம் கட்டி பர்ஸரி என்ற உதவித்தொகையும் கொடுத்தது. அந்தக் காலத்துக்காரர்களை வார்டில் பார்த்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

சரி, தொகைக்கு வருகிறேன். நான் 2023 செப்டம்பரில் சேர்ந்தேன். வருடக் கட்டணம் 9,250 பவுண்டு. 2025-26-இல் அது 9,535 ஆனது. கட்டணக் கடன் நம் கைக்கே வராது, நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். வீட்டுச் செலவுக்கு மெயின்டனன்ஸ் கடன் தனி. அதற்கு மேல் என்.எச்.எஸ். லேர்னிங் சப்போர்ட் ஃபண்டில் வருடத்துக்கு 5,000 பவுண்டு. அது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம், கணவர் சம்பளத்தையும் பார்க்கமாட்டார்கள். 15 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இன்னும் 2,000. ஒரு பிள்ளையோ நான்கு பிள்ளையோ, அதே 2,000தான்! என் கூடப் படித்த பலருக்கு இந்த இரண்டாயிரம் இருப்பதே தெரியாது.

ஆனால் இதெல்லாம் ஒரே நாளில் வராது. ஐயாயிரத்தை மூன்று தவணையாகத் தருவார்கள். வகுப்பு செப்டம்பரில் தொடங்கியது, முதல் தவணை என் கணக்குக்கு வந்தது நவம்பர் கடைசியில். அதற்குள் குற்றப் பின்னணி இல்லை என்று காட்டும் டி.பி.எஸ். சான்றிதழ், யூனிஃபார்ம் ஷூ, ரயில் சீசன் டிக்கெட், ஸ்கூல் முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான பணம் எல்லாம் போய்விட்டது. என்னைக் காப்பாற்றியது நகைச்சீட்டு போட மாதாமாதம் எடுத்துவைத்திருந்த பணம். சேருவதற்கு முன் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கடனைத் திருப்புவது பற்றி மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்களுக்கு, வருடச் சம்பளம் 25,000-ஐத் தாண்டும் பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்கள். புது நர்ஸ் சேரும் சம்பளப் படியான பேண்ட் 5-இன் ஆரம்பச் சம்பளம் 2025-26-இல் 31,049. அந்தக் கணக்கில் மாதம் சுமார் 45 பவுண்டு. 40 வருடத்தில் தீராதது தள்ளுபடி. 40 வருடம் கழித்து எனக்கு 78 வயது என்று சொன்னேன், மாமியார் அதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

*

ரெடிங்கிலிருந்து, முதலாமாண்டு மாணவர்:

அக்கா எழுதியது எல்லாம் உள்ளூர்க் கட்டணம் கட்டும் ‘ஹோம்’ மாணவர்களுக்கு. நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவன். மனைவிக்கு ஐ.டி. வேலை, நான் டிபெண்டன்ட் விசாவில் வந்தேன். வேலை பார்க்கலாம், படிக்கலாம், ஆனால் படித்தால் வெளிநாட்டுக் கட்டணம், கடனும் கிடையாது. எனக்குச் சொன்ன கட்டணம் வருடத்துக்கு 17,000 பவுண்டுக்கு மேல். ஆகவே நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான ஐ.எல்.ஆர். வரும்வரை காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கேர் அசிஸ்டன்ட் வேலை. மாமனார் ஊரில் யாரிடமும் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லவில்லை, அது வேறு கதை.

இன்டர்வியூ முடிந்து ஆஃபரும் வந்துவிட்டது. வகுப்பு செப்டம்பர் 22. ஐ.எல்.ஆர். கையில் கிடைத்தது செப்டம்பர் 9. வகுப்புக்கு முன்னாலேயே வந்துவிட்டதே என்று கேசரி கிண்டிக் கொண்டாடினோம். பல்கலைக்கழகத்தில் கட்டணப் பிரிவில் இருந்த அம்மாள் தேதியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். விதிப்படி பார்ப்பது வகுப்பு தொடங்கும் நாளை அல்ல, கல்வியாண்டின் முதல் நாளை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தொடங்கும் படிப்புகளுக்கு அந்த நாள் செப்டம்பர் 1. அன்று நான் இங்கே நிரந்தரமாகக் குடியேறியவனாக இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று வருடமும் இங்கே வசித்திருக்க வேண்டும். மூன்று வருடம் இருக்கிறது, எட்டு நாள் இல்லை.

அழாத குறை. அப்புறம் அந்த அம்மாளே குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு ஜனவரி பேட்ச் சரிப்படுமா?” என்று கேட்டார். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தொடங்கும் படிப்புக்குக் கணக்கு வைக்கும் நாள் ஜனவரி 1. ஆஃபரைத் தள்ளிவைத்தார்கள், நான்கு மாதம் கூடுதலாக வேலை பார்த்தேன், இப்போது ஹோம் கட்டணம்தான். ஜனவரி பேட்ச் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். விசா தேதி நெருக்கத்தில் இருப்பவர்கள் ஆஃபரை ஏற்பதற்கு முன்பே கட்டணப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

*

கிழக்கு லண்டனிலிருந்து, மனநல நர்சிங் மாணவி:

எனக்குக் கட்டணத்தில் பிரச்சினை வரவில்லை. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று வருடக் கணக்கு இல்லை. மனநலமும் கற்றல் குறைபாடும் எடுப்பவர்களுக்கு மேற்கொண்டு வருடம் 1,000 பவுண்டு உண்டு, அதையும் அக்காவின் கணக்கில் சேருங்கோ. பெரியவர்கள், சிறுவர், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு பிரிவில் எது என்பதை விண்ணப்பிக்கும்போதே தெரிவு செய்ய வேண்டும், பிறகு மாறுவது லேசில்லை. காசுக்காக மனநலம் எடுக்க வேண்டாம், இன்டர்வியூவில் கண்டுபிடித்துவிடுவினம்.

எனக்குச் சொல்ல இருப்பது அந்த இன்டர்வியூ பற்றி. நர்ஸுக்கு வேண்டிய குணங்கள் என்று சொல்லும் ஆறு ‘சி’களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அக்கறை, கருணை, திறமை, தொடர்பாடல், துணிவு, அர்ப்பணிப்பு, எல்லாம் ஆங்கிலத்தில் ‘சி’யில் தொடங்கும். மூன்று பேர் இருந்தார்கள். விரிவுரையாளர் ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், மூன்றாமவர் முன்பு மனநல வார்டில் நோயாளியாக இருந்தவர். முதல் கேள்விக்கு ஆறு ‘சி’யையும் கடகடவென்று ஒப்புவித்தேன். அந்த மூன்றாமவர்தான் சிரித்துக்கொண்டே, “இதில் ஏதாவது ஒன்றை நீங்கள் செய்யத் தவறிய நாளைச் சொல்லுங்கள்” என்றார்.

ஒரு நிமிடம் வாய் வரவில்லை. பிறகு நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் நடந்ததைச் சொன்னேன். குளிக்க மாட்டேன் என்ற ஒரு கிழவியை, ஷிப்ட் முடியப் போகிறது என்ற அவசரத்தில் நான் வற்புறுத்திவிட்டேன். அவர் அழுதார். அடுத்த நாளும் மாட்டேன் என்றபோது விட்டுவிட்டு, அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பிப் போய்க் கேட்டபோது தானாகவே எழுந்து வந்தார். இதைச் சொல்லும்போது என் ஆங்கிலம் தடுமாறியது. ஆனால் அவர்கள் குறிப்பு எழுதத் தொடங்கியது அப்போதுதான்.

*

கோவென்ட்ரியிலிருந்து:

எனக்குப் பணமும் இன்டர்வியூவும் சுலபம். காகிதம்தான் உயிரை எடுத்தது. கணக்கிலும் ஆங்கிலத்திலும், இங்கே 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்ச்சி கேட்டார்கள். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஒரு பல்கலைக்கழகம் ஏற்றது, இன்னொன்று முடியாது என்றது. வெளிநாட்டு டிகிரியை இங்கத்துப் படிப்போடு ஒப்பிட்டுச் சொல்லும் ஈனிக் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கினேன். என் பி.காம். போதாது, உயிரியலோ சமூக அறிவியலோ வேண்டும் என்று ஒரு இடத்தில் கைவிரித்தார்கள். எந்த டிகிரி என்றாலும் சரி என்ற இடத்தில்தான் இப்போது இருக்கிறேன்.

சேருவதற்கு முன் இத்தனை மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற அனுபவக் கணக்கும் அப்படித்தான், இடத்துக்கு இடம் மாறும். முழு நர்சிங் படிப்பு 4,600 மணி நேரம், அதில் பாதி செய்முறைப் பயிற்சி. நம் பழைய படிப்பையும் அனுபவத்தையும் கழித்துத்தான் மூன்று வருடத்தை இரண்டாக்குகிறார்கள். அதனால் வேலை பார்த்த ஒவ்வொரு மணிக்கும் மேனேஜர் கையெழுத்து வேண்டும். என் பழைய மேனேஜர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம்.

ஒன்றே ஒன்று ஈசியாக முடிந்தது. தடுப்பூசி ஆதாரம் கேட்டார்கள், ஹெபடைட்டிஸ் பி-க்கு ரத்தப் பரிசோதனை. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.க்குக் காகிதம் எங்கே என்றார் ரத்தம் எடுத்த நர்ஸ். சட்டைக் கையை மடித்து இடது தோள் தழும்பைக் காட்டினேன். ஒரு டிக் போட்டுவிட்டார். பிறந்த சில நாளில் ஆஸ்பத்திரியில் குத்தியது இத்தனை வருடம் கழித்து உதவும் என்று யார் நினைத்தார்கள்!

*

மில்டன் கீன்ஸிலிருந்து, இரண்டாமாண்டு மாணவி:

பயணப் பணம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பிளேஸ்மென்ட் என்ற செய்முறைப் பயிற்சிக்குப் போய்வரும் செலவை லேர்னிங் சப்போர்ட் ஃபண்டில் கேட்டு வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஆகும் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். என் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் 24 மைல். பிளேஸ்மென்ட் எதிர்த்திசையில் 22 மைல். கழித்தால் என்ன வரும்? ஒன்றும் வராது. காலை ஏழரைக்கு ஷிப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை, பழைய கார் வாங்கினேன், அதற்கு இன்சூரன்ஸ். வாரம் 37 மணி நேரத்துக்கு மேல் சம்பளமில்லாமல் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் ஆள் தேவைப்படும்போது சம்பளத்துக்குச் செய்யும் ‘பேங்க்’ ஷிப்ட் எடுத்து அந்தக் காருக்குப் பெட்ரோல் போடுகிறேன். மூன்று மாதம் தாங்கினேன், அடுத்த பிளேஸ்மென்ட் இன்னும் தூரம், 40 மைல்.

*

லெஸ்டரிலிருந்து மறுபடியும்:

தங்கச்சி, 40 மைல் என்றால் தினமும் ஓட்டாதே. பிளேஸ்மென்ட் பக்கத்தில் தங்கினால், உன் வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தங்குமிடச் செலவையும் அதே ஃபண்டில் கேட்கலாம். நான் ஆறு வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஹாஸ்டலில் தங்கி, அந்தச் செலவை வாங்கினேன். பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட்டால்தான் நகரும். முன்கூட்டியே உன் டியூட்டரிடம் சொல்லிவை. பெயரும் தேதியும் இருக்கிற ரசீதாக வாங்கு. எனக்கு ஒரு வாரத் தொகை, ரசீதில் தேதி அழிந்திருந்ததால் போயே போய்விட்டது.