மறு: மறு: ‘ஃபேக்டரி ரீசெட்’டுக்குத் தமிழ்ல என்ன போடுவம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

பாவிச்ச போன், டெப், லெப்டொப் எல்லாம் வாங்கித் திருத்தி மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடப் புள்ளையளுக்குக் குடுக்கிறதுக்கு வெப்சைட் ஒண்டு செய்யிறம் எண்டு சொன்னன்தானே, அதில குடுக்கிற ஆக்கள் நிரப்புற படிவத்தில ‘ஃபேக்டரி ரீசெட்’ (உள்ள கிடக்கிறதெல்லாம் அழிச்சுப் போன வாங்கின நாள் மாதிரி ஆக்கிறது) எண்ட ஒரு பட்டனுக்கு மட்டும்தான் நான் சொல்லுக் கேட்டது, நீங்க முழு வெப்சைட்டுக்கும் பேர்சூட்டு விழாவே நடத்திட்டீங்க, சந்தோசம்.

நீங்க சொன்னதில ‘தொழிற்சாலை மீளமைப்பு’ வேணாம். வெல்லாவெளியில ஒரு ஆள் அத வாசிச்சா வாழைச்சேனைக் கடதாசி ஆலைய ஆரோ திரும்பத் திறக்கப் போறாங்க எண்டுதான் நினைப்பார். ‘ஆரம்பநிலை மீட்பு’ எண்டு அக்கரைப்பற்றுல இருந்து வந்தது பரவால்ல, ஆனா மீட்பு எண்டா போனதத் திரும்ப எடுக்கிற, அடகு மீட்கிற மாதிரி. நாம கேக்கிறது உள்ள கிடக்கிறதெல்லாம் இல்லாமப் போகணும் எண்டு.

உண்மையான சிக்கல் ரீசெட்டுக்கு என்ன பேர் எண்டதில்ல. அந்த ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு வேலை கிடக்கு. ஒண்டு, படம், நம்பர், வாட்ஸ்அப் எல்லாம் அழியிறது. மற்றது, போனுக்கும் பழைய ஆள்ட கூகுள் கணக்குக்கும் உள்ள தொடுப்பு விடுபடுறது. செட்டிங்ஸுக்குள்ள போய் முறையா ரீசெட் குடுத்தா ரெண்டும் சேர்ந்து நடக்கும், ஆனா ஸ்கிரீன் லொக் மறந்து போச்செண்டு பவர் பட்டனையும் வொல்யூம் பட்டனையும் சேர்த்து அமத்தி ரீசெட் அடிச்சா உள்ள கிடந்தது மட்டும்தான் அழியும், தொடுப்பு அப்பிடியே கிடக்கும், திரும்பப் போன ஒன் பண்ணினா பழைய ஆள்ட ஜிமெயிலும் பாஸ்வேர்டும் கேட்டுக்கொண்டு நிக்கும். 2015ல ஆண்ட்ராய்ட் 5.1 வந்ததில இருந்து இந்தப் பூட்டு இரிக்கு, களவெடுத்த போன ஆரும் பாவிக்க ஏலாம ஆக்கிறதுக்கு வெச்சது. ஐபோன்ல இதே மாதிரி ஒண்டு 2013லயே ஐஓஎஸ் 7ஓட வந்திட்டு. எங்களுக்கு வந்து சேர்ந்து ஒதுக்கி வெச்ச போன் கூடுதலா இந்தக் கேஸ்தான். ஸ்கிரீன் நல்லம், பெற்றி நல்லம், உள்ள போக ஏலாது. குடுத்த ஆள் கட்டார்ல, பாஸ்வேர்ட் அவருக்கும் ஞாபகமில்ல.

மாட்டக் குடுத்திட்டுக் கயித்தத் தன்ட வளவுக் கட்டையில கட்டின மேனிக்கு விட்ட மாதிரி. அதால இந்த ரெண்டாவது வேலைக்கு நான் சொல்லுற சொல்லு கணக்கவிழ்ப்பு.

‘கணக்கு நீக்கம்’ ஏன் கூடாது எண்டா, அத வாசிக்கிற ஆள் தன்ட ஜிமெயிலே இல்லாமப் போயிரும் எண்டு பயப்படுவார், பயந்தா அமத்த மாட்டார். கணக்கு அவர்கிட்டயேதான் இரிக்கும், போன்தான் அதில இருந்து கழருது. ‘துண்டிப்பு’ எண்டா பில் கட்டாம கரண்ட் வெட்டுற ஞாபகம். அவிழ்க்கிறது எண்டா கட்டினவரே தன்ட கையால செய்யிற வேலை, ரெண்டு பக்கமும் சேதமில்ல.

காரைதீவுத் தம்பி, உங்கட ஊர் சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர்தான், 1930களில சென்னைக்கே கலைச்சொல் வேலை செய்து குடுத்த மனுசன், அதுக்காக மெமரி கார்டுக்கும் சிம்முக்கும் இப்பவே சொல்லுக் கேட்டு நிக்காதீங்க. அதுகளக் கழட்டி எடுங்க எண்டு எழுதினாக் காணும்.

லெப்டொப்புக்கு மட்டும் இன்னொரு சொல்லு தேவைப்படுது. பழைய வன்தட்டில (ஹார்ட் டிஸ்க்) ஒரு ஃபைல அழிச்சா அது எங்க கிடக்கு எண்ட குறிப்புத்தான் போகும், சாமான் உள்ளயே கிடக்கும், அதுக்கு மேல வேற ஏதும் எழுதினாத்தான் உண்மையில போறது. இத ‘துடைப்பு’ எண்டு போடுவமா? துடைப்பம் ஞாபகம் வரும் எண்டு சென்னை ஐயா சொல்லியிருந்தார், ஐயா, எங்களுக்கு விளக்குமாறும் தும்புத்தடியும்தான், அந்தப் பிரச்சினை இஞ்ச இல்ல.

———

தம்பி,

நான் கல்முனைப் பக்கம் ஐசிடி படிப்பிக்கிறன். கணக்கவிழ்ப்பு நல்லாத்தான் இரிக்கு, ஆனா போன்ல தமிழ் மெனுவப் போட்டுப் பாருங்க, ‘கணக்கை அகற்று’ எண்டுதான் வரும். வெப்சைட்ல ‘அவிழ்’ எண்டு வாசிச்சிட்டுப் போன்ல ‘அவிழ்’ஐத் தேடித் திரிஞ்சா என்ன செய்யிற? நீங்க கடைசியில எங்கயும் அமத்தாத ஒரு சொல்லத்தான் உண்டாக்குறீங்க.

இன்னொண்டு. ‘திருத்திய கருவி’ எண்டு போட்டிருக்கீங்க. எங்களுக்குத் திருத்துறது எண்டா ரிப்பேர், சைக்கிள் திருத்துற கடை, போன் திருத்துற கடை. தமிழ்நாட்டு ஆக்களுக்கு அது பிழை திருத்துறது, விடைத்தாள் திருத்துறது. அதுக்காக மாத்தச் சொல்லல்ல, வாங்கப் போற புள்ளை இஞ்சத்தப் புள்ளைதானே, அப்பிடியே கிடக்கட்டும். ஆனா விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட மைக்ரோசொஃப்ட் வழமையான இலவச அப்டேட்ட நிப்பாட்டிட்டு, பழைய லெப்டொப் கனக்க விண்டோஸ் 11க்கு ஏறாது, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத்தான் குடுக்கப் போறீங்க எண்டா அதையும் ‘திருத்திய’ எண்டு சொல்லிப் போட்டு விட ஏலாது. என்ன போட்டிருக்கு எண்டு தனியாச் சொல்லணும், இல்லாட்டி வகுப்பில நான் விண்டோஸ்ல காட்டுறத வீட்ட போய்த் தேடிப்போட்டு என்னட்டத்தான் வந்து நிப்பாங்க.

———

அக்கா,

மெனு விசயம் நான் யோசிக்காத கோணமில்ல, ஆனா நீங்க சொன்ன பிறகுதான் ஒழுங்கு வெளங்குது. தலைப்பு ‘கணக்கவிழ்ப்பு’, ஏன் எண்டா குடுக்கிற ஆளுக்கு என்ன நடக்குது எண்டு சொல்லுறது அந்தச் சொல்லு. அதுக்குக் கீழ வாற படிமுறையில ‘அகற்று’ எண்டதையே மேற்கோள் குறிக்குள்ள போட்டு, பக்கத்தில ஸ்கிரீன்ஷொட்டும் வெப்பம். அதுக்குப் பிறகுதான் ரீசெட். சிம் இல்லாமத் திரும்ப ஒன் பண்ணி, வைஃபை குடுத்து, பழைய ஜிமெயில் கேக்குதா எண்டு பாத்திட்டு, கேக்கல்ல எண்டாத்தான் ‘அவிழ்த்தாச்சு’ எண்ட பெட்டியில சரி போட விடுவம். லினக்ஸா விண்டோஸா எண்டதுக்கும் ஒரு வரி சேர்க்கிறன்.

‘தானம்’ எண்டு போடுறதா ‘அன்பளிப்பு’ எண்டு போடுறதா எண்ட கேள்வி இன்னும் கிடக்கு. எனக்கு அன்பளிப்புத்தான், காத்தான்குடியிலயும் களுவாஞ்சிக்குடியிலயும் ஒரே மாதிரி விளங்கும், தானம் எண்டா வாங்கிற புள்ளை கூசும். மறுப்பு உள்ள ஆக்கள் அத வேற மடல்ல தொடங்குங்க, இத இதோட விடுவம்.