வெள்ளத்தில் மூழ்கிய கார், மறுபடி எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முடிச்சூர்க்காரன்:

2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தபோது, வாசலில் நின்ற 2002 மாடல் ஜென்னின் கூரை மட்டும்தான் மாடியிலிருந்து தெரிந்தது. தண்ணீர் வடிந்ததும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் சாவியைத் தொடாததுதான். எதிர்வீட்டு அண்ணன் "ஓடுதான்னு பார்ப்போம்" என்று செல்ஃப் அடித்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். அவர் வண்டியில் வளைந்தது.

இன்சூரன்ஸ் சர்வேயர் இரண்டு வாரம் கழித்து வந்தார். ரிப்பேர் செலவு ஐடிவியில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டுவதால் டோட்டல் லாஸ் (முழு இழப்பு) என்றார். வண்டியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றதும் எனக்குக் கிடைக்கும் இழப்பீடாக இரண்டு தொகை சொன்னார்: ஆர்சியோடு (பதிவுச் சான்று) வைத்துக்கொண்டால் ஒன்று, ஆர்சி இல்லாமல் என்றால் 9,000 ரூபாய் கூடுதலாக இன்னொன்று. ஆர்சியை ஒப்படைத்து ரத்து செய்துவிட்டால் அப்புறம் அது வண்டி இல்லை, இரும்பு. காயலான் கடைக்குத்தான் போகும். அப்பா வாங்கிய கார் என்பதால் குறைந்த தொகைக்கே கையெழுத்துப் போட்டேன்.

மெக்கானிக் பிளக்கையெல்லாம் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றினார். பிளக் ஓட்டை வழியாகச் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியது. ஆயில் டீ நிறத்தில் வந்தது, மூன்று முறை மாற்றிய பிறகே தெளிந்தது. வயரிங் கனெக்டர்களில் பச்சைப் பாசி போலப் பூத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சுரண்டினோம். சீட்டும் கார்பெட்டும் ஒரு மாதம் மொட்டை மாடியில் கிடந்தன. சேற்று வாடை மட்டும் இன்றுவரை முழுதாகப் போகவில்லை, மழை பெய்தால் எட்டிப் பார்க்கும்.

2017-இல் வண்டியின் 15 வருடப் பதிவு முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க ஃபார்ம் 25, கட்டணம் 600 ரூபாய், பொல்யூஷன் சர்டிபிகேட், புதிதாக எடுத்த தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக்கொண்டு எஃப்சி காட்டப் போனேன். பிரேக், ஹேண்ட் பிரேக், இண்டிகேட்டர் என்று இரவெல்லாம் சோதித்துவிட்டுத்தான் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) அதில் எதையும் கேட்கவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். "சேஸ் நம்பர் எங்கே?" வண்டியின் உடம்பிலேயே பொறித்திருக்கும் அடையாள எண் அது.

நம்பர் இருந்த இடத்தில் டிங்கர் பட்டி பார்த்து, வழவழவென்று பெயிண்டும் அடித்துவைத்திருந்தார். எங்கள் ஆளுக்கு வேலை அவ்வளவு சுத்தம்! "எழுத்து தெரிகிற மாதிரி செய்துவிட்டு வாருங்கள். எமரி (உப்புத்தாள்) போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எண் அழிந்தால் திருட்டு வண்டி என்று சந்தேகப்பட வேண்டியிருக்கும்" என்று அனுப்பிவிட்டார். பெயிண்ட் ரிமூவர் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் இரண்டு மாலை மெதுவாகத் தேய்த்தேன். எண் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அடுத்த வாரம் அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

ஏலத்தில் ஏமாந்தவன்:

அண்ணே, அந்த 9,000 ரூபாய்க்கு ஆசைப்படாமல் தப்பித்தீர்கள். அதே வெள்ளத்துக்கு அப்புறம் ஏலத்தில் ஒரு செடான் எடுத்தேன். விலை அவ்வளவு மலிவாக இருக்கும்போதே யோசித்திருக்க வேண்டும். பணம் கட்டி, பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30 எல்லாம் எழுதிக்கொண்டு போன பிறகுதான் ஆர்சியே ரத்தான வண்டி என்று தெரிந்தது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தனித்தனியாக விற்றுப் பாதிப் பணத்தை மீட்டேன். டயர் இன்னும் வீட்டில் கிடக்கிறது.

சான் ஹோசே தம்பி:

இங்கே கலிஃபோர்னியாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான் அண்ணா. 2019-இல் பின்னால் இடிபட்ட ஒரு கொரோலாவை சால்வேஜ் டைட்டிலில் (டோட்டல் லாஸ் ஆன வண்டிக்கான உரிமைப் பத்திரம்) வாங்கிச் சரிசெய்தேன். பிரேக்குக்கும் லைட்டுக்கும் தனித்தனிச் சான்று, புகைச் சோதனை எல்லாம் சுலபமாக முடிந்தன. ரோட்டில் எடுத்துப்போக ஒரு நாள் பர்மிட்டும் டிஎம்வியில் (இங்கத்து ஆர்டிஓ) கொடுத்தார்கள். ஹைவே போலீஸ் சோதனைதான் பாடாய்ப் படுத்தியது. வண்டி நன்றாக ஓடுகிறதா என்பது அவர்கள் கவலையே இல்லை, எந்த பாகமாவது திருட்டுப் பொருளா என்பதுதான் கேள்வி. டிக்கிக் கதவை ஜங்க்யார்டில் (இங்கத்து காயலான் கடை) ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தேன், ரசீது இல்லை. திரும்பப் போய், அது எந்த வண்டியில் கழற்றியதோ அதன் விஐஎன் எண்ணோடு (உங்கள் சேஸ் நம்பர் மாதிரி) பில் எழுதி வாங்கி வந்த பிறகே கையெழுத்து கிடைத்தது. டைட்டிலில் 'சால்வேஜ்' என்ற முத்திரை கடைசிவரை போகாது. விற்கப் போனால் அதைச் சொல்லித்தான் பேரமே தொடங்குவார்கள்.

முடிச்சூர்க்காரன்:

தம்பி, அங்கேயும் எண்தானா! 2022-இல் மறுபடி எஃப்சிக்குப் போனேன். கட்டணம் 600-இலிருந்து 5,000 ஆகியிருந்தது, அது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் இந்த முறை பானெட்டை நானே திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சேஸ் நம்பர்மேல் துரு பிடிக்காமல் கிரீஸ் தடவி வைத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, கை துடைக்கத் துணி கேட்டார்.