லாப்ரடாரா, சிப்பிப்பாறையா? வேளச்சேரி, மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது

வேளச்சேரி வாசி:
வணக்கம். வீட்டுக்கு நாய்க்குட்டி எடுக்கணும். லாப்ரடார், சிப்பிப்பாறை ரெண்டுல ஒண்ணுன்னு வந்து நிக்குது. 950 சதுர அடி வீடு, மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. நானும் வீட்டுக்காரரும் காலை 9 மணிக்குக் கிளம்பினா வர 6 ஆகும். மாமியாருக்கு 68 வயசு, முட்டிவலி, வீட்லயே இருப்பாங்க. பையனுக்கு 7 வயசு. ஏ.சி. படுக்கையறையில மட்டும். பால்கனியில மூணரை அடி கைப்பிடிச் சுவர். காலைல ஒரு மணி நேரம், ராத்திரி முக்கால் மணி நேரம் வாக்கிங் கூட்டிட்டுப் போக முடியும். எது சரிப்படும்? எடுத்துட்டு அப்புறம் யாருக்காவது தள்ளிவிடுற நிலைமை வரவே கூடாது.

புரசை கால்நடை மருத்துவர்:
மேடம், நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ‘லிஃப்ட் இல்லை’ என்பதுதான். லாப்ரடார் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கினால் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் ஆபத்து கூடுகிறது. அதுவரை தூக்கித்தான் இறக்க வேண்டும். மூன்று மாத லாப்ரடார் 10 கிலோவைத் தொட்டுவிடும். இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் வரும். பகலில் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்க உங்கள் மாமியாரால் முடியாது, அவரைச் செய்யச் சொல்லவும் கூடாது. பத்துப் பதினோரு வயதில் இதே சிக்கல் திரும்ப வரும். அப்போது எடை 30 கிலோ. வளர்ந்த சிப்பிப்பாறை 15 முதல் 20 கிலோதான்.

அடுத்தது வெயில். லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. அந்த ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். சென்னைப் புழுக்கத்தில் அது சரியாக ஆவியாகாது. அதனால் தெர்மாமீட்டர் 34 காட்டினாலும் ஆபத்து உண்டு. கத்திரி வெயில் மாதத்தில் வாக்கிங் காலை ஆறரைக்குள் முடிய வேண்டும், சாயங்காலம் ஏழுக்கு மேல்தான் கிளம்ப வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி தாங்கவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது.

எச்சில் கெட்டியாக வடிந்து, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்குதல். குழாய்த் தண்ணீரை வயிறு, அக்குள், தொடையிடுக்கில் ஊற்றி ஃபேனைப் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்கள். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் போக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்கூடத் தெரியவரும்.

நாட்டுநாய் நேசன்:
டாக்டர் சொன்னது சரி. ஆனா வெயில் தாங்கும், எடை கம்மின்னு மட்டும் பார்த்து சிப்பிப்பாறை எடுத்துடாதீங்க. அது பார்வையால வேட்டையாடுற நாய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அணில் ஓடினா, நீங்க கூப்பிடுற குரல் அதுக்குக் காதுலயே ஏறாது.

முதல் ஆபத்து கழுத்து பெல்ட். தலை ஒடுக்கம், கழுத்தும் கிட்டத்தட்ட அதே பருமன். பயந்து பின்னால இழுத்தா சாதா பெல்ட் காது வழியா உருவிடும். அப்புறம் அதைத் துரத்திப் பிடிக்க மனுஷனால ஆகாது. இழுத்தா இறுகுற மார்ட்டிங்கேல் பெல்ட், இல்லைன்னா நெஞ்சைச் சுத்தி வர்ற ஹார்னஸ் வாங்குங்க. தீபாவளி வாரத்துல ரெண்டையும் போட்டு ரெண்டு கயிறு மாட்டிக் கூட்டிட்டுப் போங்க. வெடிச் சத்தத்துல மிரண்டு ஓடிக் காணாமப் போற நாய்கள் நிறைய.

ரெண்டாவது, உங்க பால்கனி. மூணரை அடிச் சுவரை வளர்ந்த சிப்பிப்பாறை நின்ன இடத்துலேர்ந்தே தாண்டும். கிரில் அடிக்காம குட்டியை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

மத்தபடி வீட்டுக்குள்ள அமைதியான நாய், முடி கொட்டுறதும் குறைவு. காலைல 15, 20 நிமிஷம் சுத்துச்சுவர் இருக்குற இடத்துல முழு வேகத்துல ஓடவிட்டா, பகல் பூரா சுருண்டு தூங்கும். அப்படி இடம் கிடைக்கலைன்னா 10 மீட்டர் நீளக் கயிறு. அதை ஹார்னஸ்லதான் மாட்டணும். கழுத்துல மாட்டி அந்த வேகத்துல ஓடி, கயிறு முடியுற இடத்துல சடக்குன்னு இழுத்தா கழுத்தெலும்பு போயிடும். உடம்புல சதை கம்மி. வெறும் டைல்ஸ் தரையில படுத்தா முழங்கை காய்ச்சுப் புண்ணாகும், தடிமனா ஒரு மெத்தை போடுங்க. தூங்குறப்போ மேல விழக் கூடாதுன்னு பையன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடுங்க.

கருத்தடை ஆபரேஷன் பண்றப்போ இனத்தைச் சொல்லிடணும். கொழுப்பு குறைஞ்ச வேட்டை நாய்களுக்கு தயோபென்டோன் மயக்க மருந்து தெளிய ரொம்ப நேரமாகும். டாக்டர் வேற மருந்து போடுவார்.

வேளச்சேரி வாசி:
ரொம்ப நன்றி. மாமியார் தயிர்சாதம் போட்டே வளர்த்துடலாம்ங்கிறாங்க. பரவாயில்லையா? இங்க மழைக்குத் தெருவுல தண்ணி நிக்கும், அதுக்கு எதுவும் பார்க்கணுமா?

புரசை கால்நடை மருத்துவர்:
தயிர்சாதம் மட்டும் போதாது, புரதம் பற்றாது. உலர் தீனி என்றால் 30 கிலோ லாப்ரடாருக்கு நாளைக்கு 350 முதல் 400 கிராம், 18 கிலோ சிப்பிப்பாறைக்குச் சுமார் 300 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. லாப்ரடார்களில் கணிசமானவற்றுக்குப் பசி அடங்காத மரபணு மாற்றம் உண்டு. அது பார்க்கும் பார்வைக்கு இரங்கி மாமியார் இட்லி போட ஆரம்பித்தால் இரண்டே வருடத்தில் மூட்டு போகும். சிப்பிப்பாறைக்கு நேர்மாறு: கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவதுதான் அதன் சரியான உடல்வாகு, ‘ஒல்லியா இருக்கே’ என்று கொழுக்க வைக்காதீர்கள். சாம்பார் சாதம் இரண்டுக்குமே கூடாது. வெங்காயம் இரத்த சிவப்பணுக்களை உடைக்கும்.

தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், அதிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். அதற்கான தடுப்பூசியை முதலில் இரண்டு தவணை போட்டு, பிறகு வருடா வருடம், பருவமழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில். மாநகராட்சி உரிமத்துக்கு அந்தச் சான்று வேண்டும். உண்ணிக்கு விரலிடுக்கு, காதின் உட்புறம், பெல்ட்டுக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள். நாய் மேலிருந்து எடுத்தால் மட்டும் தீராது. அது முட்டையிடுவது சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும். அதை அடைக்க வேண்டும்.

என் கருத்து: பகலில் ஒன்பது மணி நேரம் நீங்கள் இல்லாத இந்த வீட்டுக்கு எந்த இனத்திலும் குட்டி வேண்டாம். தடுப்பூசி முடிந்த, ஒன்றரை இரண்டு வயது சிப்பிப்பாறையைத் தத்தெடுங்கள். பையனோடும் மாமியாரோடும் இரண்டு மூன்று முறை பழகவிட்டுப் பாருங்கள்.

வேளச்சேரி வாசி:
சரி டாக்டர், வளர்ந்த நாயாவே பார்க்கிறோம். கிரில் எப்படி அடிக்கணும்?

நாட்டுநாய் நேசன்:
மேல்தளம் வரைக்கும் முழுசா அடிச்சிடுங்க. நெடுக்குக் கம்பியா இருக்கணும். குறுக்குக் கம்பி வெச்சா கால் வெச்சு ஏறும். இடைவெளி ரெண்டு அங்குலத்துக்கு மேல வேண்டாம், அந்த ஒடுக்கமான மூஞ்சி மூணு அங்குலத்துல நுழைஞ்சு மாட்டிக்கும். வாசல்லயும் ஒரு கிரில் கேட் போடுங்க. கொரியர்காரருக்குக் கதவைத் திறக்கிறப்போ மாமியார் கால் பக்கத்துலேர்ந்து அது வெளிய பாஞ்சா அவங்களால பிடிக்க முடியாது.