"மாதத்துக்கு எத்தனை முறை?" நுனாவிக்கில் நான் எழுதின எண்

பனிக்கரை:
கனடாவில கியூபெக்கின்ர வட நுனி, இனுயிட் சனம் வாழுற நுனாவிக். வேட்டைச் சாப்பாட்டால உடம்பில எவ்வளவு நஞ்சு சேருது எண்டு பாக்கிற உணவுக் கணக்கெடுப்புக்கு ஒரு கோடை முழுக்க உதவியாப் போயிருந்தன். பெலுகா எண்ட வெள்ளைத் திமிங்கிலம், சீல், கரிபு எண்ட வடக்கு மான், சார் எண்ட குளிர்நீர் மீன் எல்லாத்துக்கும் "போன மாதம் எத்தனை முறை, எவ்வளவு" எண்டு கேக்கிற அதே படிவந்தான். வடக்கில வேலை செய்த ஆக்களுக்குத் தெரியும். அளவு காட்டப் பிளாஸ்டிக் துண்டுகளும் கொண்டு போனனாங்கள்.

ஒரு பாட்டி அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. பிறகு எழும்பிப் போய் உலு எண்ட பிறைக் கத்தியால மத்தாக், அதுதான் பெலுகாவின்ர தோலும் கொழுப்பும், ஒரு துண்டு வெட்டி என்ர உள்ளங்கையில வச்சா. "தான் சாப்பிடுறது இவ்வளவுதானாம், மிச்சம் மகள் வீட்டுக்கும் அயலுக்குமாம்" எண்டு மொழிபெயர்த்த பிள்ளை சொன்னா. எத்தனை முறை எண்டு கேட்டன். "திமிங்கிலம் வந்தால்" எண்டா. பெட்டிக்குள்ள எண்தான் போடலாம். நான் 4 எண்டு போட்டன். அவ அப்பிடிச் சொல்லேல்லை. 8 வருசமாகுது, அந்த 4 இன்னும் உறுத்துது.

வடக்கு நர்ஸ்:
எனக்கு மறக்காதது ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, 19 வயசு. பெலுகாவோட காய்ஞ்ச இறைச்சியில பாதரசம் அதிகம்னு ரேடியோவுல கேட்டிருக்கா. உடனே வேட்டைச் சாப்பாடு மொத்தத்தையும் நிறுத்திட்டா, பாதரசம் குறைவா இருக்கற சார் மீன் உட்பட. ரத்தசோகையோட வந்தா. "அம்மா சீல் சூப் கொண்டு வந்தாங்க, கதவுகிட்டயே திருப்பி அனுப்பிட்டேன்"னு சொல்லி அழுதா.

ஆய்வுகூடத்தான்:
பனிக்கரை, 4 எண்டு போட்டதுக்கு இவ்வளவு வருந்த வேண்டாம். படிவத்தை மட்டும் நம்பி ஆரும் முடிவு எடுக்கிறேல்லை. என்ர மேசைக்கு வந்த ஒரு உறைக்குள்ள சிவப்பு நூலால கட்டின நரை முடி இருந்தது. எந்தப் பக்கம் தலைப்பக்கம் எண்டு தெரியத்தான் அந்த நூல். முடி மாதம் கிட்டத்தட்ட 1 செ.மீ. வளரும். துண்டு துண்டா வெட்டிப் பாத்தால் எந்த மாதம் பாதரசம் ஏறினது எண்டு தெரியும்.

ஆனா இனிப் போற ஆக்கள் கவனியுங்கோ. மாதக் கணக்கை விட்டிட்டுப் பருவத்தைக் கேளுங்கோ: வாத்து வாற காலம், திமிங்கில காலம், கரிபு காலம். இறைச்சி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம் எல்லாத்தையும் தனித்தனியா எழுதுங்கோ. பெலுகா இறைச்சியில பாதரசம், கொழுப்பில பிசிபி எண்ட தொழிற்சாலை இரசாயனம், கரிபுச் சிறுநீரகத்தில காட்மியம் எண்ட நச்சு உலோகம். சிகரெட்டிலயும் காட்மியம் இருக்கு, அதால புகைக்கிறவையோ எண்டும் கேக்க வேணும். ஈயம் எண்டால் வாத்துச் சுட்ட ரவையைப் பற்றிக் கேளுங்கோ. பிசிபிக்கு முடி உதவாது, இரத்தம் வேணும். 1980களில நுனாவிக் தாய்ப்பாலில பிசிபி தெற்குக் கியூபெக்கை விட ஏறக்குறைய 5 மடங்கு இருந்தது. அந்தச் சனம் செய்த நஞ்சில்லை அது. தெற்கில இருந்து காத்திலயும் கடலிலயும் போய்ச் சேந்தது.

வடக்கு நர்ஸ்:
சார், முடியில எந்த மாசம்னு தெரியும். சூப்பைத் திருப்பி அனுப்பினது எந்த டெஸ்ட்ல தெரியும்? எதைச் சாப்பிடலாம்னு அவகிட்ட முதல்லயே யாராவது உட்கார்ந்து பேசியிருக்கணும்.

பனிக்கரை:
ரெண்டு பேரும் சொல்றது சரி. ஆனா அண்ணா, அவ அளவைக் கையிலயே தந்தவ. பைக்குள்ள தராசு இருந்தது. நிறுக்காமல் அந்தத் துண்டைச் சாப்பிட்டிட்டன்.