மெக்டவல் கவுண்டியைக் காலி செய்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
போன வாரம் அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு ஓரம் வழியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். மெக்டவல் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நிலக்கரிச் சுரங்கப் பகுதி, அதன் தலைமை ஊர் வெல்ச். ஒரு காலத்தில் சனிக்கிழமை கூட்டம் தாங்காமல் 1941லேயே நகராட்சி பல அடுக்கு பார்க்கிங் கட்டிய ஊர் இது. இப்போது நடுத்தெருவில் எங்கே வேண்டுமானாலும் காரை நிறுத்தலாம், கேட்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து சென்சஸ் கணக்கைப் புரட்டினேன். 1950இல் 98,887 பேர், 1980இல் 49,899, 2020இல் 19,111. அந்த 19,111இலும் ஒரு வேடிக்கை: 2010இல் அங்கே திறந்த மத்தியச் சிறையில் இருக்கும் கைதிகளும் அதில் சேர்த்திதான்.

கொடூரமாகத் தெரிந்தாலும் கேட்டுவிடுகிறேன். 1961இல் கென்னடி அரசு ஃபுட் ஸ்டாம்பை (ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் கூப்பன்) மறுபடி சோதனையாக ஆரம்பித்தபோது முதலில் வாங்கியது இந்தக் கவுண்டிக் குடும்பம்தான். அறுபது வருஷத்துக்கு மேலாகப் பணம் போகிறது, இன்னமும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. அந்தப் பணத்தைக் கையில் கொடுத்து, வேறு ஊருக்குப் போங்கள் என்று சொன்னால் என்ன தப்பு?

சார்லட்_செல்வி:
98,887 எப்படி 19,111 ஆனது என்று நினைக்கிறீர்கள்? எல்லாரும் செத்தா போனார்கள்? நீங்கள் இன்று கண்டுபிடித்த யோசனையை அவர்கள் எழுபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். 1950களில் கரியை வெட்டிக்கொண்டே வாரித்தள்ளும் இயந்திரம் சுரங்கத்துக்குள் வந்தது, அப்போதே ஆயிரக்கணக்கில் ஒஹாயோ, மிச்சிகன் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். 1980களில் அதே கவுண்டியின் கேரி ஊரில் யூ.எஸ். ஸ்டீல் சுரங்கங்களை மூடியது, அடுத்த அலை எங்கள் வட கரோலினா பக்கம் வந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி இருக்கிறார், வெல்ச் பக்கத்துக்காரர். போகக்கூடியவர்கள் போய்விட்டார்கள் சார். மிச்சம் இருப்பவர் வயதானவர், முதுகு உடைந்தவர், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகள். அப்புறம், அங்கே பெரும்பாலோர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டை விற்றால் எங்கள் ஊரில் சில மாத வாடகைக்குக்கூடக் காணாது. எதை நம்பிக் கிளம்புவது?

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! வீடு விலை போகாது, அதனால் மாட்டிக்கொண்டார்கள். அரசு நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டால் விடுதலை. அதை விட்டுவிட்டு, மலை இடுக்கில் சிதறிக் கிடக்கும் நாற்பது ஐம்பது வீட்டுக்குப் பாறையைக் குடைந்து தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் போட்டால், முடிக்கும்போது அங்கே பாதி வீடு காலியாகியிருக்கும்.

டாக்டர்_வீட்டுக்காரன்:
என் மனைவி ஜே-1 விசா விலக்குக்காக (பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு டாக்டர், டாக்டர் கிடைக்காத ஊரில் வேலை செய்தால் நாடு திரும்பாமல் இருக்கலாம்) பக்கத்துக் கவுண்டி ஒன்றில் மூன்று வருஷம் டாக்டராக இருந்தாள். மெக்டவலில் இருந்தும் நோயாளிகள் வருவார்கள். இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் டாக்டர்கள் இல்லையென்றால் அந்த மலைப்பக்கம் பல ஊர்களில் வைத்தியமே நடக்காது, அது தனிக் கதை.

2013இல் ஓர் ஆய்வு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? மெக்டவலில் ஆண்களின் சராசரி ஆயுள் 63.9 வயது, பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவின் வசதியான ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 81.7. காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் காரில் போய்ச் சேரும் தூரம், நடுவில் பதினெட்டு வருஷம். கரித்தூசி அடைத்த நுரையீரல், சர்க்கரை, வலி மாத்திரையில் ஆரம்பித்துக் கடைசியில் ஹெராயின். எல்லாம் உண்டு. ஆனால் அவள் அடிக்கடி புலம்புவது தண்ணீரைப் பற்றித்தான். குழாயைத் திறந்தால் துருநிறத்தில் வருகிறது, அதனால் ரோட்டோரம் மலை ஊற்றில் கேன் வைத்துப் பிடிக்கிறார்கள். பல வீடுகளில் கழிவறைக் குழாய் நேரே ஓடைக்குள் போகிறது. அமெரிக்காவில்! முதல் தடவை கேட்டபோது நான் நம்பவில்லை.

நடு_ராத்திரி:
//அறுபது வருஷத்துக்கு மேலாகப் பணம் போகிறது// சரி, அங்கிருந்து எவ்வளவு வந்தது, அந்தக் கணக்கும் போடுங்கள் பிள்ளைவாள். அந்தப் பக்கம் வெட்டும் போகஹான்டஸ் கரி என்றால் எஃகு உலைக்கு முதல் தரம், இரண்டு உலகப் போருக்கும் எரிந்தது. நிலத்தில் பெரும்பகுதி வெளியூர்க் கம்பெனிகள் கையில். இன்றைக்கும் கரி தீரவில்லை, வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆள் தேவைதான் தீர்ந்துவிட்டது. கரி போன ரயிலிலேயே லாபமும் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை:
அநியாயம் நடந்தது உண்மை, மறுக்கவில்லை. அதற்காக இன்று பிறக்கிற குழந்தையை அதே இடுக்கில் வைத்துத்தான் நியாயம் வழங்க வேண்டுமா? வால்மார்ட்டே 2016இல் அங்கே கிம்பால் ஊரில் இருந்த கடையை மூடிவிட்டுக் கிளம்பியது. 2025 பிப்ரவரி வெள்ளம் வேறு. குறுகலான பள்ளத்தாக்கு, ஆற்றை ஒட்டித்தான் வீடு கட்ட முடியும், அடுத்த வெள்ளத்திலும் அதே வீடுகள்தான் போகும்.

சார்லட்_செல்வி:
அந்த வால்மார்ட் போனது உங்களுக்கு வாதம், அவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வேலை போனது, காய்கறி வாங்கும் இடமும் போனது. இன்னொன்றையும் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்: வாத்தியார்கள் வாடகைக்கு நல்ல வீடு கிடைக்காமல் ஓடுகிறார்கள் என்று வெல்ச் நடுவில் அவர்களுக்காகவே அபார்ட்மென்ட் கட்டியிருக்கிறார்கள். மலைப்பாதையில் நாலு சக்கர பைக் ஓட்ட வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள்.

நடு_ராத்திரி:
அக்கா, பைக் ஓட்ட வருகிறவன் பர்கர் தின்றுவிட்டுப் போவான். அதை வைத்துக் கவுண்டி பிழைக்காது. இதில் மட்டும் நான் பிள்ளைவாள் கட்சி.

கணக்குப்பிள்ளை:
நன்றி! சரி, நானும் ஒரு படி இறங்குகிறேன். போகிறேன் என்று கேட்பவர்களுக்கு மட்டும் வீட்டை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கட்டும், மற்றவர்களைத் துரத்த வேண்டாம். ஆனால் ஐம்பது வீட்டுக்குக் குழாய் போடுவதை இன்னமும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டாக்டர்_வீட்டுக்காரன்:
உங்கள் திட்டம் சட்டமாகி, மதிப்பீடு செய்து, காசோலை கைக்கு வர எத்தனை வருஷம் ஆகும்? அதுவரை அந்த ஐம்பது வீட்டுக்காரர்கள் எதைக் குடிப்பார்கள்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.