புரோக்கன் மலை இறக்கத்தில் முழங்கால் வலி: மாற்றுப் பாதை உண்டா?

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் பகுதியில் 1141 மீட்டர் உயரமுள்ள புரோக்கன் உச்சிக்கு, டோர்ஃப்ஹவுஸிலிருந்து கோத்தே பாதை வழியாக ஏறுவதில் எனக்குச் சிரமமில்லை. இறங்கும்போதுதான், அன்றைய கிழக்கு ஜெர்மனி எல்லைக் காவலர்களின் வண்டிகளுக்காகப் பதித்த, துளைகள் நிறைந்த கான்கிரீட் பாளங்களின் மீதான செங்குத்து இறக்கத்தில், வலது முழங்காலின் வெளிப்புறம் கடுமையாக வலிக்கிறது.

கடந்த கோடையில் தொடங்கிய இவ்வலி, சமதளத்திற்கு வந்ததும் அடங்கிவிடுகிறது, வீக்கமில்லை. முழங்கால் பட்டை பயன் தரவில்லை. ஊன்றுகோலின் முனையோ பாளத்தின் துளைகளில் சிக்கிக்கொள்கிறது (வண்டிகளுக்கான பாதையில் வேறெதை எதிர்பார்க்க முடியும்!). ஷீர்கேவுக்கு இறங்கும் தார்ச்சாலை இதமாக இருந்தாலும், அதுவும் நீராவி ரயிலும் மலையின் மறுபக்கத்தில் கொண்டுபோய் விடுகின்றன. என் காரோ டோர்ஃப்ஹவுஸில் நிற்கும்.

தேசியப் பூங்கா என்பதால் குறித்த வழியை விட்டு விலகவும் இயலாது. பாளங்களைத் தவிர்த்து உச்சியிலிருந்து டோர்ஃப்ஹவுஸுக்கே திரும்ப, அனுமதிக்கப்பட்ட நடைபாதை ஏதேனும் உள்ளதா?